பாப்-அப் போய் டிராவல் டிரெய்லர் வந்தால் எதற்கு முதலில் செலவு செய்வது?

அமெரிக்காவில் பிள்ளையோ பெண்ணோ இருக்கும் சென்னைக் குடும்பங்களுக்கு, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போய்த் தங்கும் இந்த வண்டிகள் புதிதல்ல. போய் ஆறு மாதம் தங்குகிறோம். சனி ஞாயிறு வந்தால் ஏரிக்கரை, மலையடிவாரம் என்று வண்டியையும் நம்மையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். பலர் முதலில் வாங்குவது பாப்-அப் கேம்பர். சாலையில் போகும்போது மார்பு உயரத்துக்கு மடங்கிக் கிடக்கும். போய்ச் சேர்ந்ததும் கைப்பிடியைச் சுற்றிக் கூரையை உயர்த்தி, இரண்டு பக்கமும் படுக்கையை வெளியே இழுத்து, துணிச் சுவரைக் கட்டினால் அறை தயார். விலையும் எடையும் குறைவு. ஆனால் பலத்த மழை என்றால் துணி ஊறிப்போகும், நடு ராத்திரியில் டார்ச் எடுத்துக்கொண்டு பொதுக் கழிவறைக்கு நடக்க வேண்டும்.

வில்லிவாக்கத்தில் இருக்கும் என் அக்காவுக்கு முழங்கால் வலி. "இந்தத் தடவை அந்தக் கூடாரத்துக்கு நான் வரல" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். டல்லாஸ் பக்கம் இருக்கும் அவள் மகன் பாப்-அப்பை விற்றுவிட்டு 24 அடி டிராவல் டிரெய்லருக்கு முன்பணம் கட்டிவிட்டான். கெட்டிச் சுவர், உள்ளேயே கழிவறை, குளியல், ஏசி. வண்டி கைக்கு வருவதற்குள் வாங்க வேண்டிய சாமான் என்று ஒரு நீளமான பட்டியலை அனுப்பி, "மாமா, நீங்க கோச் ஃபேக்டரியில இருந்தவர்தானே, எதை வாங்கலாம், எதை விடலாம்னு சொல்லுங்க" என்று கேட்டான். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பிரேக், கப்ளிங் என்றே காலம் தள்ளியவனிடம் கேட்டால் பதில் எந்தப் பக்கம் சாயும் என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும்.

பட்டியலை நான் மூன்றாகப் பிரித்தேன். டீலர் வாசலைத் தாண்டும் முன் வேண்டியவை. முதல் ராத்திரிக்கு முன் வேண்டியவை. ஒரு தடவை போய்விட்டு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்பவை. கடைகளில் 'ஸ்டார்ட்டர் கிட்' என்று விற்கும் பெட்டியில் கடைசி இரண்டும்தான் கலந்து கிடக்கும். முதல் வகை அதில் இருக்கவே இருக்காது.

கதவில் ஒட்டியிருக்கும் எண்

எதையும் வாங்கும் முன் ஒரு கூட்டல் கழித்தல் போட வேண்டும். பாப்-அப் பெரும்பாலும் 1,500 முதல் 2,500 பவுண்டுக்குள் அடங்கிவிடும். நம் கணக்கில் 700 முதல் 1,100 கிலோ. 24 அடி டிரெய்லர் காலியாகவே 4,500, 5,500 பவுண்டு வரும். தண்ணீர், கேஸ், பேட்டரி, பாத்திரம், துணிமணி ஏறினால் 6,000 பவுண்டு சாதாரணம்.

"என் பிக்கப் டிரக் 9,000 பவுண்டு இழுக்கும் மாமா" என்றான். இழுக்கும், சரி. ஆனால் முதலில் தீர்ந்துபோவது இழுக்கும் திறன் இல்லை, சுமக்கும் திறன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று. அவன் வண்டியில் 1,540. இதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்ன பிறகுதான் பேச்சே சூடு பிடித்தது.

டிராவல் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் டிரெய்லர் பின்னால் வாலாட்ட ஆரம்பிக்கும். 6,000 பவுண்டில் 13 சதவீதம் என்றால் 780. டிரெய்லரை வண்டியோடு மாட்டும் ஹிட்ச் சாமானே 90 பவுண்டு. ஆக 870. 1,540-இல் அது போனால் மீதி 670. பெரியவர்கள் நான்கு பேர், ஆளுக்கு 150 என்று 600, பேரன் 60. கையில் நிற்பது 10 பவுண்டு. இந்தியக் கடையில் விற்கும் சோனா மசூரி சின்னப் பை ஒன்றை வண்டியில் போட்டால் கணக்கு முடிந்தது.

ரயில் பெட்டியில் இந்தத் தலைவலி கிடையாது. ஒவ்வொரு பெட்டியும் தன் எடையைத் தன் இரண்டு போகிகளின், அதாவது அடியில் இருக்கும் சக்கரத் தொகுதிகளின் மேலேயே சுமக்கும், முன் பெட்டியின் தலையில் ஒரு கிலோவைக்கூட ஏற்றாது. டிராவல் டிரெய்லருக்கு நடுவில் மட்டும்தான் சக்கரம். அதனால் முன்பக்கச் சுமையில் ஒரு பங்கு எப்போதும் இழுக்கும் வண்டியின் முதுகில்தான்.

பழைய பாப்-அப் காலத்தில் பிக்கப்பின் பின் தட்டில் அவன் எதை வேண்டுமானாலும் தூக்கிப் போடுவான். இனி அது நடக்காது. சாமான் எல்லாம் டிரெய்லருக்குள், அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால் போக வேண்டும். பட்டியலில் இருந்த கனமான பொருள் ஒவ்வொன்றையும் இந்த 10 பவுண்டை வைத்துத்தான் பார்த்தேன். இரண்டு மூன்று பொருள் அங்கேயே விழுந்துவிட்டன.

ஹிட்ச்

பாப்-அப்பை ஒரு கம்பியும் அதன் மேல் ஒரு உருண்டையும் வைத்து இழுத்துவிடலாம். புதிய வண்டிக்கு அந்த உருண்டையே பொருந்தாது. பழையது 2 அங்குலம். இந்த எடையுள்ள டிரெய்லர்களில் உருண்டையின் மேல் கவிந்து பூட்டும் கப்ளர் பெரும்பாலும் 2-5/16 அங்குலம். வித்தியாசம் எட்டு மில்லிமீட்டர்தான். பெரிய கப்ளரைச் சின்ன உருண்டையின் மேல் இறக்கினால் உட்கார்ந்த மாதிரியே தெரியும், பூட்டும் விழும். மேடு பள்ளத்தில் ஒரு குதி குதித்தால் கழன்றுகொள்ளும். எனவே பழைய உருண்டையை வண்டியோடு சேர்த்து விற்றுவிடச் சொன்னேன். வீட்டில் கிடந்தால் ஒரு நாள் கை அதைத்தான் எடுக்கும்.

அவன் முன்னால் நான்கு வழிகள் இருந்தன.

வெறும் உருண்டையோடு, பக்கத்தில் உராய்வுக் கம்பி ஒன்றை மாட்டுவது முதல் வழி. நூறு டாலருக்குள் முடியும். ஆனால் 780 பவுண்டு பின்னால் அழுத்தும்போது பிக்கப்பின் மூக்கு மேலே தூக்கும். முன் சக்கரங்கள் இலேசாகிவிடும், ஸ்டியரிங்கும் பிரேக் பிடிப்பில் பெரும் பங்கும் அந்தச் சக்கரங்களில்தான் இருக்கிறது. உராய்வுக் கம்பி வாலாட்டத்தைக் கொஞ்சம் குறைக்கும், எடையை ஒன்றும் செய்யாது. பல வண்டிகளின் கையேட்டிலேயே 5,000 பவுண்டைத் தாண்டினால் எடையைப் பகிரும் ஹிட்ச் கட்டாயம் என்று போட்டிருக்கும். இதை அப்படியே ஒதுக்கிவிட்டோம்.

இரண்டாவது, வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச் ஒன்றும் தனியாக ஒரு உராய்வுக் கம்பியும். இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் ஹிட்ச்சிலிருந்து டிரெய்லர் சட்டத்தை நோக்கிப் பின்னால் நீண்டு, சங்கிலியில் இறுக்கிக் கட்டப்படும். கடப்பாரை போட்டு நெம்புகிற மாதிரி அவை பின் அச்சின் சுமையில் ஒரு பகுதியை முன் சக்கரங்களுக்கும், இன்னொரு பகுதியை டிரெய்லரின் அச்சுகளுக்கும் தள்ளிவிடும். 300, 400 டாலரில் கிடைக்கும். குறை என்னவென்றால், அந்த உராய்வுக் கம்பியை ரிவர்ஸ் எடுக்கும் முன் கழற்ற வேண்டும், வழுக்கும் சாலையில் தளர்த்த வேண்டும். ஐந்து மணி நேரம் ஓட்டிவிட்டு இருட்டில் இடம் தேடி ரிவர்ஸ் எடுப்பவன் இறங்கிப் போய்க் கழற்றுவானா? என் அக்கா மகன் கழற்ற மாட்டான்.

மூன்றாவது, எடைப் பகிர்வும் வாலாட்டக் கட்டுப்பாடும் ஒரே அமைப்பில் சேர்ந்தது. ஸ்பிரிங் கம்பிகளே தாங்கிகளின் மேல் உராய்ந்து அசைவை அடக்கும். ஈக்வலைசர் மாதிரி வகைகள். 600 முதல் 900 டாலர். ரிவர்ஸ் எடுக்க எதையும் கழற்ற வேண்டாம். திரும்பும்போது முனகல் சத்தம் வரும், பழகிவிடும்.

நான்காவது, வாலாட்டத்தை அடக்காமல், அது உண்டாகவே இடம் தராத ஹென்ஸ்லி, புரோபிரைட் வகை. பொறியியலில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஆனால் விலை 3,000 டாலருக்கு மேல், எடையும் அதிகம். நம்மிடம் 10 பவுண்டுதானே மிச்சம்! முப்பது அடிக்கு மேல் இழுப்பவர்கள் யோசிக்கலாம்.

மூன்றாவதையே எடுக்கச் சொன்னேன். ஒரு நிபந்தனையோடு: டீலர் மாட்டிக் கொடுத்ததும் அப்படியே ஓட்டிக்கொண்டு வரக் கூடாது. முன் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் உயரத்தை டேப் வைத்து மூன்று தடவை அளக்க வேண்டும். டிரெய்லர் மாட்டும் முன், மாட்டிய பிறகு, ஸ்பிரிங் கம்பிகளை இறுக்கிய பிறகு. மாட்டியதும் இரண்டு அங்குலம் தூக்கியிருந்தால், இறுக்கியதும் குறைந்தது ஒரு அங்குலமாவது இறங்கியிருக்க வேண்டும். எவ்வளவு என்பதை அந்த வண்டியின் கையேடு சொல்லும். இறங்கவில்லையென்றால் அது சும்மா மாட்டிவைத்த அலங்காரம்தான். ஒரு டேப், ஒரு சாக்பீஸ், பத்து நிமிஷம்.

பிரேக்

பாப்-அப்பின் ஒயர் பெரும்பாலும் நான்கு முனை கொண்டது, விளக்குகளுக்கு மட்டும். டிராவல் டிரெய்லரின் ஒயர் ஏழு முனை: விளக்குகளோடு பிரேக், பேட்டரி சார்ஜ், ரிவர்ஸ் எல்லாம் அதில் வரும். அந்தப் பிரேக் முனைக்கு எவ்வளவு மின்சாரம் அனுப்புவது என்று தீர்மானிப்பதுதான் பிரேக் கண்ட்ரோலர்.

சில பிக்கப்களில் கம்பெனியே வைத்துக் கொடுத்திருக்கும். இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். இல்லாதவர்களுக்கு இரண்டு வகை. நேர வகை மலிவானது. பிரேக் மிதித்ததும் ஏற்கெனவே வைத்த அளவுக்கு மெல்ல ஏறும். மெதுவாக மிதித்தாலும் சடாரென்று மிதித்தாலும் அதற்கு ஒன்றுதான். விகித வகை, வண்டி எவ்வளவு வேகமாகத் தணிகிறது என்பதை உணர்ந்து அதே அளவில் டிரெய்லரையும் பிடிக்கும். இரண்டுக்கும் விலையில் நூறு டாலர்கூட வித்தியாசம் வராது. இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை, விகித வகைதான். டாஷ்போர்டில் துளை போட வேண்டாம் என்றால் ஏழு முனைப் பிளக்கிலேயே செருகி, போனில் கட்டுப்படுத்தும் வகையும் உண்டு. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. வாலாட்டம் தொடங்கினால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகக் கையால் பிடிக்க வேண்டும், அந்த நொடியில் கை போனைத் தேடக் கூடாது. விரலுக்கு எட்டும் இடத்தில் ஒரு நெம்புகோல் இருக்கட்டும்.

இங்கேதான் ரயில்காரன் கண்ணுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. நம் பெட்டிகளில் ஏர் பிரேக் குழாயில் 5 கிலோ அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விடுபட்டிருக்கும். குழாய் அறுந்தால், பெட்டி பிரிந்தால், அழுத்தம் போய்த் தானாகப் பிரேக் பிடிக்கும். பழுது என்றாலே வண்டி நிற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. டிராவல் டிரெய்லரின் மின் பிரேக் இதற்கு நேர் எதிர்: மின்சாரம் வந்தால்தான் பிடிக்கும். ஒயர் அறுந்தால் பிரேக்கும் போச்சு. இந்த ஓட்டையை அடைக்கத்தான் டிரெய்லரின் முன்பக்கத்தில் பிரேக்அவே சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். டிரெய்லர் கழன்று ஓடினால் மெல்லிய கம்பி ஒன்று சுவிட்ச்சின் முள்ளை இழுத்துவிடும், டிரெய்லரின் சொந்த பேட்டரி பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். அதாவது பேட்டரி செத்திருந்தால் இதுவும் சாகும். டீலர்கள் பேட்டரியைத் தனி விலைக்கு விற்பதால் அதை "அப்புறம் வாங்கிக்கலாம்" வகையில் தள்ளிவைத்திருந்தான். அதை முதல் வகைக்கு மாற்றினேன். அந்தக் கம்பியைப் பாதுகாப்புச் சங்கிலியிலோ உருண்டையிலோ சுற்றாமல் பிக்கப்பின் சட்டத்தில் தனியாக மாட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவைத்தேன். சங்கிலியே கழன்றால் கம்பி யாரை இழுக்கும்?

கண்ணாடிகளும் இந்த முதல் வகைதான். பாப்-அப்பின் தலைக்கு மேலே பின்னால் வருபவனைப் பார்க்கலாம். இது எட்டடி அகலச் சுவர். பக்கத்துக் கண்ணாடியை நீட்டிக்கும் இணைப்பு ஒரு ஜோடி இல்லாமல் நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச்சும் அப்படியே. புது டிரெய்லரின் வீல் நட்டுகள் முதல் 10, 25, 50 மைலில் தளரும் என்பதால் ஒவ்வொரு தடவையும் இறுக்கிப் பார்க்கச் சொல்லிக் கையேட்டில் இருக்கும். பாப்-அப்போடு வந்த குறுக்குச் சாவியால் இதைச் சரியாகச் செய்ய முடியாது. டயரில் பட்டையின் தேய்மானத்தைவிட வயதுதான் முக்கியம். பக்கச் சுவரில் கடைசி நான்கு எண்கள் எந்த வாரம், எந்த வருஷம் என்று சொல்லும். 2219 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 22-ஆவது வாரம். பழைய டிரெய்லர் வாங்குபவர்கள் முதலில் இதைப் பார்க்கட்டும்.

ஸ்டெபிலைசர் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு

மின்சார விஷயத்தை நம் ஊர்க்காரர்களுக்குப் புரியவைப்பது சுலபம். ஏசி வாங்கினால் கூடவே ஸ்டெபிலைசர் வாங்கிப் பழகிய கூட்டம் நாம். முகாம் இடங்களிலும் ஜூலை மதியம் எல்லா வண்டியிலும் ஏசி ஓடினால் 120 வோல்ட் 100 பக்கம் இறங்கும். ஏசி கம்ப்ரசருக்கு அது எமன்.

இரண்டு பெட்டிகள் விற்கிறார்கள், பார்க்க ஒரே மாதிரி. ஒன்று சர்ஜ் புரொடெக்டர், நூறு டாலர் சுற்றளவில். மின்னல் மாதிரி சடக்கென்று ஏறும் வோல்டேஜை விழுங்கும். லோ வோல்டேஜ் வந்தால் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். இன்னொன்று இ.எம்.எஸ். எனப்படும் மின் மேலாண்மைப் பெட்டி, 250, 300 டாலர். ஒயரிங் தப்பாக இருந்தாலோ, எர்த் இல்லாவிட்டாலோ, வோல்டேஜ் 104-க்குக் கீழே, 132-க்கு மேலே போனாலோ இணைப்பையே துண்டித்துவிடும். நம் ஸ்டெபிலைசர் மாதிரி வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்காது, அதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பாப்-அப் காலத்தில் ஒரு விசிறி, ஒரு பல்பு, போன் சார்ஜர். முதல் பெட்டியே தாராளம். கூரையில் ஏசி உட்கார்ந்த பிறகு இரண்டாவதுதான். ஒரு கம்ப்ரசர் போனால் ஆகும் செலவில் இந்தப் பெட்டியை இரண்டு மூன்று தடவை வாங்கலாம்.

30 ஆம்பியர் இணைப்பு என்றால் 3,600 வாட். ஏசி ஓடும்போது சுமார் 1,400, வெந்நீர் போடும் மின் ஹீட்டர் 1,400. இரண்டும் ஓடும்போது யாராவது மைக்ரோவேவில் காபியைச் சுட வைத்தால் டிரிப். இதைச் சமாளிக்க எந்தச் சாமானும் வேண்டாம். ஹீட்டரைக் கேஸுக்கு மாற்றினால் போதும், பெரும்பாலான டிரெய்லர்களில் இரண்டும் உண்டு.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இணைப்புக் கொடுக்க விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிரெய்லரின் 30 ஆம்பியர் பிளக் 120 வோல்ட்டுக்கானது. அதைத் துணி உலர்த்தும் இயந்திரத்தின் பிளக் என்று நினைத்து எலெக்ட்ரீஷியன் 240 கொடுத்தால் உள்ளே இருப்பது எல்லாம் புகைந்துவிடும். நமக்கு 230 பழகிப்போனதால் "240 வந்தா நல்லதுதானே" என்று தோன்றும் ஆபத்தும் உண்டு!

இங்கிருந்து மிக்சி கொண்டுவரட்டுமா என்று அக்கா கேட்டாள். நம் 230 வோல்ட் மிக்சி அங்கே தேங்காயைப் பார்த்து முனகும், அரைக்காது. ப்ரீத்தியே அமெரிக்காவுக்கு என்று 110 வோல்ட் மிக்சி போடுகிறது; அதை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

தண்ணீரும் கழிவறையும்

அமெரிக்கர்கள் எழுதும் பட்டியல்கள் நம் வீட்டுக்குப் பொருந்தாத இடம் இதுதான். பாப்-அப்பில் பெரும்பாலும் கழிவுத் தொட்டியே இருக்காது, இருந்தாலும் கையால் தூக்கிக் கொட்டும் சின்னப் பெட்டி. டிராவல் டிரெய்லரில் மூன்று தொட்டிகள்: நல்ல தண்ணீர், பாத்திரம் கழுவிய குளித்த தண்ணீர், கழிவறைத் தொட்டி. கழிவுத் தொட்டிகள் இரண்டும் தலா 30 கேலன் அளவில் இருக்கும், சுமார் 113 லிட்டர்.

காகிதம் பயன்படுத்துகிறவர்களுக்குக் கழிவறைத் தொட்டி வாரம் தாண்டும். நாம் தண்ணீர்க்காரர்கள். ஒரு தடவைக்கு மக்கில் இரண்டு லிட்டர், ஐந்து பேர் என்றால் சீக்கிரம் நிரம்பும். ஆனால் அதற்காக அக்காவிடம் போய்த் தண்ணீரைக் குறை என்று சொல்லத் தேவையில்லை. இந்தத் தொட்டிகள் கெட்டுப்போவதே தண்ணீர் போதாமல்தான். கொஞ்சமாக ஊற்றினால் திடக் கழிவு கரையாமல் குழாய்க்கு நேர் கீழே மேடாகக் குவிந்து இறுகிவிடும். தொட்டியின் வெளியேற்றும் வால்வை எப்போதும் திறந்தே வைத்தாலும் இதே கதிதான், தண்ணீர் மட்டும் ஓடிவிடும். நம் பழக்கம் அந்தத் தொட்டிக்கு நல்லது. செய்ய வேண்டியது, கழிவுநீர்க் குழாய் இணைப்பு உள்ள இடமாகப் பார்த்து முன்பதிவு செய்வது, அல்லது இரண்டு நாளுக்கு ஒரு தடவை கொட்ட முடிகிற இடத்தில் தங்குவது. காலால் மிதித்துத் தண்ணீர் விடும் அந்தக் கழிவறையில் கைத்தெளிப்பான் பொருத்துவதா, மக்கா? மக் போதும். தெளிப்பான் வைத்தால் வண்டி குலுங்கும்போது கசியும் இணைப்பு இன்னொன்று கூடும்.

கழிவுக் குழாயில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஸ்டார்ட்டர் கிட்டில் வருவது மெல்லிய குழாய்; ஒரு பருவம் தாங்கினால் அதிகம். சுழல் இணைப்பும், உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரியும் கண்ணாடி மாதிரி முழங்கை இணைப்பும் உள்ள 15, 20 அடிக் குழாயாக வாங்கச் சொன்னேன். முதலில் கழிவறைத் தொட்டி, அப்புறம் பாத்திரம் கழுவிய தண்ணீர், அது வந்து குழாயைக் கழுவிவிடும். கையுறை ஒரு பெட்டி. அந்தக் குழாயைக் கழுவும் ஹோஸும் குடிதண்ணீர் ஹோஸும் ஒரே பெட்டியில் கிடக்கக் கூடாது, நிறமும் வேறாக இருக்கட்டும். இவையெல்லாம் முதல் ராத்திரிக்கு முன் வேண்டியவை.

குழாயில் வரும் தண்ணீரின் அழுத்தம் சில இடங்களில் சதுர அங்குலத்துக்கு 80, 100 பவுண்டு வரை இருக்கும். டிரெய்லர் இணைப்புகளுக்கு 40 முதல் 50 போதும். பத்து டாலர் பித்தளை ரெகுலேட்டர் அழுத்தத்தோடு ஓட்டத்தையும் குறைத்துவிடும், ஷவர் அழுது வடியும். அளவுமானி உள்ள, திருகி மாற்றக்கூடிய வகை 30, 40 டாலர். இதில் விலை அதிகமானதே சரி.

குளியலுக்கு ஒரு யோசனை, பட்டியல் எதிலும் இல்லாதது: ஒரு வாளி. டிரெய்லர் ஹீட்டர் பெரும்பாலும் 6 கேலன், 22 லிட்டர். ஷவரைத் திறந்தால் ஒரு ஆளுக்கே சரியாகப் போகும், பின்னால் போகிறவருக்குப் பச்சைத் தண்ணீர். வாளியில் கொதிக்கிற தண்ணீர் ஐந்தாறு லிட்டர் பிடித்து விளாவினால் அதே 22 லிட்டரில் மூன்று பேர் குளிக்கலாம். 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் செங்குன்றமும் வறண்டு லாரித் தண்ணீரில் குடும்பம் நடத்திய அக்காவுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மருமகளுக்குத்தான் அவள் சொல்லித்தருவாள்.

அடுப்பு, படி, மட்டம்

உள்ளே அடுப்பு இருக்கிறது என்பதற்காக உள்ளே தாளிக்கக் கூடாது. காய்ந்த மிளகாய் வெடித்த அரை நிமிஷத்தில் புகை அலாரம் அலறும், பெருங்காய வாசனை மெத்தையில் ஏறி ஊருக்குத் திரும்பும்வரை இறங்காது. பாப்-அப்போடு பயன்படுத்திய வெளி அடுப்பை விற்காமல் வைத்துக்கொள்வது நல்லது. டிரெய்லரின் பக்கவாட்டுக் கேஸ் இணைப்பில் மாட்டுவதானால் ஒன்றைப் பார்க்க வேண்டும்: அந்த இணைப்பில் ஏற்கெனவே அழுத்தம் குறைக்கப்பட்ட கேஸ்தான் வரும். அடுப்பிலும் ஒரு ரெகுலேட்டர் இருந்தால் சுடர் மினுக் மினுக் என்று எரியும், குக்கர் விசில் அடிக்க விடிந்துவிடும். அதற்கு ஏற்ற அடுப்பு, அல்லது தனி சிலிண்டர்.

மட்டம் பார்க்கும் பலகை விஷயத்தில் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. பழைய பாப்-அப்புக்கு வைத்திருந்த மரப்பலகைகளும் சக்கரத் தடைகளும் இதற்கும் ஆகும். இரண்டு அச்சு என்பதால் பலகை இரட்டிப்பு நீளம் வேண்டும், அவ்வளவுதான். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே விரித்து இறுக்கும் எக்ஸ் தடை ஒரு ஜோடி மட்டும் வாங்கலாம். ராத்திரி ஒருவர் எழுந்து நடந்தால் எல்லோரும் ஆடும் ஆட்டம் அதில் பாதியாவது குறையும். மூலைகளில் இருக்கும் ஜாக்குகள் ஆட்டத்தை நிறுத்தத்தான். அவற்றை வைத்து வண்டியைத் தூக்கினால் சட்டம் வளையும்.

அக்காவின் முழங்காலுக்காக வாங்கிய வண்டியில் அவளுக்கு முதல் எதிரி வாசல் படிதான். மடிந்து வெளியே வரும் இரும்புப் படி கால் வைத்தால் தொங்கும், கடைசிப் படிக்கும் தரைக்கும் இடையே முக்கால் முழம் இருக்கும். படிக்குக் கீழே முட்டுக் கொடுக்கும் ஜாக், அகலமான ஒரு தனிப் படி, கதவோரம் மடங்கும் நீளக் கைப்பிடி. மூன்றும் சேர்ந்து 150 டாலருக்குள் வரும். எல்லாப் பட்டியலிலும் இவை கடைசிப் பக்கத்தில் இருந்தன, நான் முதல் ராத்திரிக்கு முன் என்று போட்டேன்.

மிச்சம் இருந்தவை ஜெனரேட்டர், லித்தியம் பேட்டரி, பின்பக்கக் கேமரா, கூரை விசிறிக்கு மூடி, வாசலில் விரிக்கும் பாய், இன்ன பிற. பாயைத் தவிர எதற்கும் இப்போது அவசரம் இல்லை. ஜெனரேட்டருக்குத்தான் அவன் ரொம்ப நேரம் வாதாடினான். 2,200 வாட் சின்ன ஹோண்டாவே 47 பவுண்டு, பெட்ரோல் தனி. கதவு ஸ்டிக்கர் கணக்கில் மிச்சம் இருக்கும் 10 பவுண்டை நினைவுபடுத்தினேன். தவிர, முதல் வருஷம் அவர்கள் போகப்போவதெல்லாம் மின் இணைப்பு உள்ள மாநிலப் பூங்காக்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்தக் காசுல இ.எம்.எஸ். வாங்கிடறேன் மாமா" என்றான். லித்தியத்தை அடுத்த பொங்கலுக்குப் பேசிக்கொள்வோம் என்று விட்டுவிட்டோம்.